ஃபூசிக் கிழங்கு: அம்மாவின் முழங்கால் நோவுக்குக் கொடுக்கலாமா?

மார்க்கம் மல்லிகை

வணக்கம். நான் கனடாவில் மார்க்கத்தில் இருக்கிறேன். அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலும் நோ. குளிர் தொடங்கினால் படியேறுவதே பெரும்பாடு. பக்கத்து வீட்டில் ஒரு சீன அம்மா இருக்கிறார், எங்களோடு நல்ல பழக்கம். போன கிழமை ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து தந்தார். அவருடைய வைத்தியர் அவருக்கு எழுதிக் கொடுத்த மருந்தில் மிஞ்சியதாம். குளிரால் வரும் மூட்டு நோவுக்கு இதைப் போல ஒன்றும் இல்லை என்றார். பெயர் ஃபூசி.

பிரித்துப் பார்த்தேன். பெரிய பூண்டுப் பல்லை நீளவாக்கில் சீவிக் காயவைத்தது போலத் துண்டுகள். ஓரமெல்லாம் கறுப்பு, நடுவில் மங்கிய மஞ்சள், நீளமாக நரம்பு ஓடுகிறது. யன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் ஊடாகத் தெரிகிறது. கொம்புச் சீவல் போல அவ்வளவு கடினம்.

பெயரைத் தேடிப் பார்த்தபோதுதான் பயம் பிடித்தது. 2022 ஓகஸ்ட்டில் எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் சாப்பிட்ட 12 பேருக்கு நஞ்சேறியது. சிலர் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போனார்கள். சமையலில் போட்ட கச்சோலப் பொடியில் அகோனைட் என்ற நச்சுச்செடி கலந்திருந்தது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அந்த அகோனைட் செடியின் கிழங்குதான் ஃபூசியும் என்று போட்டிருக்கிறது.

அம்மா கேட்பதாக இல்லை. "சீனர் இரண்டாயிரம் வருசமாக் குடிக்கிறதுதானே, எனக்கு மட்டும் என்ன செய்யும்?" என்கிறார். கொடுக்கலாமா, கூடாதா? விளங்கினவர்கள் சொல்லுங்கோ.

இரவுப்பணி

அக்கா, கொடுக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

நான் மதுரைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர். எங்களிடம் அதிகம் வருவது அரளி விதையும் செங்காந்தள் கிழங்கும். ஃபூசி சாப்பிட்ட நோயாளியை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அதிலுள்ள அகோனிட்டின் உடம்பில் என்ன செய்யும் என்பதில் சந்தேகமே கிடையாது. நரம்பிலும் இதயத் தசையிலும் சோடியம் உள்ளே நுழைய வாசல்கள் உண்டு. அவை திறந்த கையோடு மூடினால்தான் அடுத்த துடிப்பு ஒழுங்காக வரும். அகோனிட்டின் அந்த வாசலை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும். கைகால் விரல்களில் எறும்பு ஊர்வது போல இருக்கும். வாந்தி வரும், இரத்த அழுத்தம் இறங்கும், பிறகு இதயம் தாறுமாறாகத் துடிக்கும். இதெல்லாம் சில நிமிடத்திலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் நடந்துவிடும்.

இதற்கு முறிமருந்து இல்லை. அமியோடரோன் போன்ற மருந்துகளைக் கொடுத்துப் பார்ப்போம். துடிப்பு அடங்காவிட்டால், நஞ்சு உடம்பை விட்டு இறங்கும்வரை இதய-நுரையீரல் இயந்திரத்தில் போட்டுக் காத்திருப்பதுதான் வழி. தூய அகோனிட்டின் 2 மில்லிகிராம் அளவே ஆளைக் கொல்லப் போதும் என்று நச்சியல் நூல்களில் இருக்கிறது. ஒரு சாதாரணப் பாரசிட்டமால் மாத்திரையை 250 துண்டாக்கினால் அதில் ஒரு துண்டின் எடை.

அம்மா வேறு மாத்திரை ஏதும் எடுக்கிறாரா?

ஊர்வைத்தியன்

தங்கச்சி, பொட்டலத்தை இப்போதைக்கு எட்டாத இடத்தில் எடுத்து வையுங்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் மேலே டாக்டர் தம்பி எழுதியதில் பாதிக் கதைதான் இருக்கிறது. நான் திருநெல்வேலிப் பக்கம் மூன்றாம் தலைமுறைச் சித்த வைத்தியன். மீதியை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் சொன்ன அகோனிட்டின் நிறைந்திருப்பது பச்சைக் கிழங்கில். உங்கள் கையில் இருப்பது பக்குவம் செய்த சீவல். சிச்சுவான் மாநிலத்தில் ஜியாங்யோ என்ற ஊர் ஃபூசிக்குப் பேர் போனது. அந்தச் செடியின் தாய்க்கிழங்குக்குச் சுவான்வூ என்று பெயர். அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு முளைக்கும் பிள்ளைக்கிழங்குதான் ஃபூசி. பெயரின் பொருளே 'ஒட்டிய பிள்ளை' என்பதுதான். ஜூன் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் முற்பகுதி வரை தோண்டுவார்கள். தோண்டியதும், உப்புக் காய்ச்சியபின் மிஞ்சும் கசப்பு நீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். அதே நீரில் வேகவைத்து, சீவி, தண்ணீர் மாற்றி மாற்றி அலசி, ஆவியில் அவித்து, அப்புறம்தான் உலர்த்துவார்கள். சுவான்வூவைப் பக்குவம் செய்யும்போது, இருப்பதிலேயே பெரியதாக, கெட்டியானதாக ஒன்றை எடுத்து வெட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் வெள்ளைக் கரு தெரியக்கூடாது. வாயில் வைத்தால் நாக்கு லேசாக மட்டும் மரக்க வேண்டும். இது ஏதோ கிராமத்துப் பேச்சு இல்லை, சீன அரசின் மருந்துத் தரநூலில் எழுதிவைத்திருக்கும் சோதனை.

நம்மிடமும் இதே இனத்துக் கிழங்கு உண்டு. நாவி என்போம், வச்சநாபி என்போம். இமயமலைப் பக்கம் விளைவது. கன்றின் தொப்புள் போல இருப்பதால் அந்தப் பெயர். துண்டு துண்டாக நறுக்கிப் பசுவின் சிறுநீரில் ஊறவைத்து, தினமும் நீரை மாற்றி, வெயிலில் வைத்து எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்த இரண்டு சமூகங்கள், ஒரே கொடிய கிழங்கைப் பார்த்துப் பயந்து, ஊறவைத்து மாற்றி மாற்றி அலசு என்று ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். சும்மா வந்த முடிவா இது?

ஷென்னோங் பெயரில் வழங்கும் பழைய சீன மருந்து நூல் சரக்குகளை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. கீழ் வகுப்பு என்றால் நஞ்சுள்ளது, நீண்டநாள் உண்ணக்கூடாதது. ஃபூசி அந்தக் கீழ் வகுப்பில்தான் இருக்கிறது. நஞ்சு என்று தெரிந்தேதான் அவர்கள் கையாண்டார்கள். தெரியாமல் குடித்தார்கள் என்று யாரும் எழுத வேண்டாம்.

சிங்கை செல்வம்

அண்ணன் சொல்வது சரி. சிங்கப்பூரில் முப்பது வருடமாகச் சீன மருந்துக்கடைகளுக்குப் போகிறவன் நான். இங்கே 2000ஆம் ஆண்டே சட்டம் போட்டுச் சீன வைத்தியர்களைப் பதிவு செய்ய வைத்துவிட்டார்கள். என் மாமனாருக்குக் கடைசிக் காலத்தில் கையும் காலும் ஐஸ் மாதிரி குளிரும். போர்வை போட்டாலும் சூடு ஏறாது. பதிவுபெற்ற வைத்தியர் ஃபூசி, சுக்கு, அதிமதுரம் சேர்த்து எழுதிக் கொடுத்தார். ஃபூசியை மட்டும் முதலில் மண்சட்டியில் போட்டு ஒரு மணி நேரம் தனியாகக் கொதிக்க வைக்கணும், அப்புறம்தான் மற்றதைப் போடணும் என்று மூன்று தடவை சொல்லி, என் மனைவியைத் திருப்பிச் சொல்ல வைத்து, பிறகுதான் பொட்டலத்தைக் கொடுத்தார். நாலே நாளில் மாமனார் கால் வெதுவெதுப்பாக இருந்தது. நான் தொட்டுப் பார்த்தேன். படித்தவர்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் அது நடந்தது.

இரவுப்பணி

செல்வம் சார், உங்கள் மாமனாரின் கால் சூடானதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வைத்தியர் ஏன் மூன்று தடவை சொன்னார் என்று யோசியுங்கள். நாலாவது வீட்டில் ஒருத்தர் அரை மணி நேரத்தில் அடுப்பை அணைத்துவிடுவார் என்று அவருக்குத் தெரியும்.

ஊர்வைத்தியன் ஐயாவுக்கு ஒரு கேள்வி. பக்குவம் செய்த கிழங்கில் நஞ்சு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா? ஒரே ஊர், ஒரே செடி, இரண்டு மூட்டை என்றாலும் உள்ளிருக்கும் அளவு ஒன்றாக இருக்காது. நாக்கு மரப்பதை வைத்து அளவு சொல்வது, தொட்டுப் பார்த்துக் காய்ச்சலை 101.3 என்று சொல்வது மாதிரி.

2017இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் சைனாடவுனில் ஒரே கடையில் வாங்கிய மூலிகைத் தேநீரைக் குடித்து இருவர் விழுந்தார்கள். தேநீரில் அகோனைட் இருந்தது. அவர்களில் ஒரு பெண் பிறகு இறந்துபோனார். காட்டில் போய்க் கிழங்கு தோண்டித் தின்றவர்கள் இல்லை, கடையில் காசு கொடுத்து வாங்கியவர்கள்.

பழமையைப் பற்றிச் சொன்னீர்கள். அந்தப் பழமையில் இதுவும் உண்டு. பொ.ஆ.மு. 71இல் ஹான் பேரரசர் சுவானின் அரசி ஷூ பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். தன் மகளை அரசியாக்க வேண்டும் என்று படைத்தலைவர் ஹோ குவாங்கின் மனைவி, அரண்மனைப் பெண் வைத்தியர் ஒருவரைப் பிடித்தாள். அந்த வைத்தியர் ஃபூசியை இடித்து மாத்திரையில் கலந்து கொடுத்தார். குடித்த சற்று நேரத்தில் அரசி, தலை கனக்கிறதே, மருந்தில் நஞ்சு ஏதும் இல்லையே என்று கேட்டாள். இல்லை என்று பதில் வந்தது. இறந்துபோனாள். பிள்ளை பெற்ற உடம்புக்கு மருந்து என்று சொல்லிக் கொடுத்தால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். இந்தக் கிழங்கின் ஆபத்தே அதுதான், அது மருந்து என்ற பெயரில் வருகிறது.

வேதியாசிரியர்

இருவரும் ஒரே விஷயத்தின் இரண்டு முனையைப் பிடித்து இழுக்கிறீர்கள். வேதியியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

அகோனிட்டின் மூலக்கூறில் இரண்டு எஸ்டர் கைகள் உண்டு. கொதிநீரில் நெடுநேரம் கிடந்தால் முதலில் அசிட்டைல் கை அறுந்துபோகும். மிஞ்சுவது பென்சாயில்அகோனின். அதன் நஞ்சு முன்பிருந்ததில் நூற்றுக்கணக்கில் ஒரு பங்குதான். இன்னும் வேகவைத்தால் இரண்டாவது கையும் அறுந்து அகோனின் ஆகும், அது அதைவிடச் சாது. ஆகவே ஊர்வைத்தியன் ஐயாவின் முன்னோர்களும் ஜியாங்யோ விவசாயிகளும் செய்தது உண்மையான வேதிவினை. அவர்கள் கையில் இருந்த கருவி அடுப்பும் நாக்கும்தான். அதை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் போனதை நினைத்தால் எனக்கு வணங்கத்தான் தோன்றுகிறது.

ஆனால் அந்த வினை முடிந்ததா என்பது வெப்பத்தையும் நேரத்தையும் பொறுத்தது. யுன்னான் மாநிலத்தில் குளிர்காலத்தில் இந்த இனத்துக் கிழங்குகளை இறைச்சியோடு சேர்த்துச் சத்துணவாகவே அவித்துச் சாப்பிடும் வழக்கம் இருக்கிறது. அதில் நஞ்சேறுவதும் நடக்கிறது. குன்மிங் நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,900 மீட்டர் அளவு உயரம். அங்கே தண்ணீர் 94 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து வெந்துவிட்டது என்று நினைப்போம், உள்ளே வினை மெதுவாகத்தான் நடந்துகொண்டிருக்கும்.

இன்னொன்று, சாராயத்தில் ஊறப்போடுவது. மூட்டில் தேய்ப்பதற்கென்று சுவான்வூவையும், காட்டில் விளையும் ட்சாவ்வூவையும் சாராயத்தில் போட்டு வைப்பார்கள். சாராயம் நஞ்சை நன்றாகக் கரைத்து எடுக்கும், ஆனால் உடைக்காது. தேய்க்க வைத்த புட்டியை யாராவது குடிக்கிற மருந்து என்று நினைத்து ஒரு மடக்குக் குடித்தால் அவ்வளவுதான். சீனாவில் இப்படி இறந்தவர்கள் உண்டு.

ஊர்வைத்தியன்

ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி. அடுப்பும் நாக்கும் என்று சொன்னது மனதில் நின்றுவிட்டது.

டாக்டர் தம்பிக்கு: அரசி கதை கொலைக் கதை. கத்தியால் கொன்றவன் இருக்கிறான் என்பதற்காக அறுவை சிகிச்சையை நிறுத்துவோமா? உங்கள் இதய மருந்தான டிஜாக்சின் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் 1785இல் எழுதிய ஃபாக்ஸ்குளோவ் என்ற நாட்டுச் செடியின் இனத்திலிருந்துதானே. அதுவும் கொஞ்சம் கூடினால் இதயத்தை நிறுத்தும். பாரசிட்டமால் அளவு மீறினால் ஈரல் போகும். நஞ்சு என்பதற்காகத் தள்ளுவது என்றால் உங்கள் அலமாரியிலும் பாதி காலியாகும்.

ஜாங் ஜோங்ஜிங் என்ற வைத்தியர் ஹான் காலத்தின் கடைசியில் எழுதிய நூலை இன்றும் சீன வைத்தியர்கள் படிக்கிறார்கள். அதில், உடல் சில்லிட்டு நாடி விழுந்து உயிர் போகும் நிலையில் இருப்பவனுக்குப் பச்சை ஃபூசி, சுக்கு, அதிமதுரத்தோடு. மூட்டு நோவுக்கோ சுட்டுப் பக்குவம் செய்த ஃபூசி. ஆளையும் நிலையையும் பார்த்துப் பிரித்துக் கொடுக்கிற நிதானம் அந்தக் காலத்திலேயே இருந்தது.

இரவுப்பணி

ஐயா, பாரசிட்டமால் அளவு மீறினால் எங்களிடம் அசிட்டைல்சிஸ்டீன் இருக்கிறது. நேரத்தில் வந்தால் ஈரலைக் காப்பாற்றிவிடலாம். டிஜாக்சினுக்கும் எதிர்ப்பொருள் ஊசி உண்டு. ஃபூசிக்கு ஒன்றும் இல்லை. அதைவிட, டிஜாக்சின் மாத்திரை 0.25 மில்லிகிராம் என்றால் ஒவ்வொரு மாத்திரையும் 0.25தான். விதரிங் இலையை வைத்துக்கொண்டு தடுமாறிய காலத்தைத் தாண்டி மருத்துவம் அங்கே வந்து சேர்ந்தது. ஃபூசியைச் சீன மருந்துத் தரநூல் ஒரு நாளைக்கு 3 முதல் 15 கிராம் என்கிறது. ஐந்து மடங்கு இடைவெளி. அப்புறம் சிச்சுவானில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெங் சின்ஆன் என்பவர் வழியில் வந்த 'நெருப்புக் கடவுள்' மரபினர் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அந்த 15 கிராமையும் பல மடங்கு தாண்டி எழுதுகிறார்கள். எது அளவு என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை.

நான் எதற்கு இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்றால், பெல்ஜியத்தில் நடந்தது எனக்கு மறக்காது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்கச் சிகிச்சைக்குப் போன பெண்களுக்குச் சீனக் கிழங்கு ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஹான் ஃபாங்ஜி என்று எழுதியிருந்த இடத்தில் குவாங் ஃபாங்ஜி வந்து சேர்ந்துவிட்டது. பெயரில் ஓர் அசைதான் வேறு. வந்தது அரிஸ்டோலோகியா இனம். நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. பல பேருக்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்த இனத்துச் செடிகளையும் நூற்றாண்டுக்கணக்கில் மருந்தாகக் கொடுத்து வந்தார்கள். சீனா குவான் முத்தோங் என்ற அந்த இனத்து மருந்தை 2003இல்தான் நீக்கியது. நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே இனம், ஐயா.

ஃபூசி ஒரு மணி நேரத்தில் கொல்வதால் மரபு அதைக் கண்டுபிடித்தது, பயந்தது, வேகவைத்தது. அரிஸ்டோலோகியா பத்து இருபது வருடம் கழித்துக் கொல்வதால் எந்த மரபும் கண்டுபிடிக்கவில்லை. அதை வேகவைத்தாலும் போகாது. நாக்கும் மரக்காது. இன்று கஷாயம் குடித்தவர் இருபது வருடம் கழித்து டயாலிசிஸுக்கு வந்தால், எந்த வைத்தியர் அந்தக் கஷாயத்தை நினைத்துப் பார்ப்பார்? இரண்டாயிரம் வருடம் என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

சிங்கை செல்வம்

இது நியாயமில்லை டாக்டர். பேசிக்கொண்டிருப்பது ஃபூசியைப் பற்றி. வேறொரு செடி செய்த கெடுதலை இதன் தலையில் கட்டுகிறீர்கள்.

ஊர்வைத்தியன்

இல்லை செல்வம், தம்பி கேட்டது கேட்க வேண்டிய கேள்விதான். ஈஸ்வரமூலியைப் பற்றி அவர் எழுதியதைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் தாத்தா பாம்புக்கடிக்கு அந்த வேரைக் கொடுத்திருக்கிறார். கடியிலிருந்து பிழைத்தவர்கள் இருபது வருடம் கழித்து என்ன ஆனார்கள் என்று அவர் பார்த்ததில்லை, பார்க்கவும் வழியில்லை. வேகமான நஞ்சைக் கண்டுபிடிப்பதில் மரபுக்குக் கண் கூர்மை, மெதுவான நஞ்சில் பார்வை மங்கல் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதே நியாயத்தில், ஃபூசி வேகமான நஞ்சு. மரபு கண்ணால் பார்த்த நஞ்சு. இதில் மரபின் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

மட்டுறுத்துநர்

வீட்டில் கிழங்கைப் பக்குவம் செய்யும் அளவு, நேரம் கேட்டு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தயவுசெய்து அவற்றை இங்கே கேட்க வேண்டாம்.

வேதியாசிரியர்

பலன் பற்றி யாரும் பேசவில்லையே. செல்வம் மாமனாரின் கால் சூடானதற்கு ஒரு காரணம் இருக்கலாம். 1976இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தக் கிழங்கிலிருந்து ஹிஜெனமின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது இதயத்தை வேகமாகவும் பலமாகவும் துடிக்க வைக்கும். 2017 முதல் விளையாட்டு வீரர்களுக்கான உலக ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் அதன் பெயரே இருக்கிறது. வெறும் நம்பிக்கையைத் தடைப்பட்டியலில் போடமாட்டார்கள். சீனாவில் வேறோர் அகோனைட் இனத்தின் வேரிலிருந்து எடுத்த லாப்பகோனிட்டினை வலிமருந்தாகப் பயன்படுத்துகிறார்கள். ரஷ்யாவில் அதையே இதயத் துடிப்புக் கோளாறுக்குக் கொடுக்கிறார்கள். இதில் மருந்து இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதே சமயம் மறுபக்கமும் உண்டு. ஜப்பானில் கோஷாஜின்கிகன் என்று ஃபூசி சேர்ந்த கூட்டு மருந்து ஒன்று. புற்றுநோய் மருந்தால் வரும் நரம்பு மரப்பைத் தடுக்குமா என்று மருந்துக்கும் போலி மருந்துக்கும் பிரித்துக் கொடுத்துச் சோதித்தார்கள். 2015இல் முடிவு வந்தது. தடுக்கவில்லை.

ஜப்பானின் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. கிழங்கை அழுத்தக் கொப்பரையில் 100 டிகிரிக்கு மேல் வேகவைத்து, மிஞ்சிய அகோனிட்டினை ஆய்வகத்தில் அளந்து, வரம்புக்குள் இருந்தால்தான் பொடியாக்கி மருந்தில் சேர்க்கிறார்கள். ஜியாங்யோ மண்சட்டி செய்ததைத்தான் இந்தக் கொப்பரையும் செய்கிறது, அளந்து செய்கிறது என்பது மட்டும் வேறு.

இரவுப்பணி

இதற்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். அளந்து, முத்திரையிட்டு, மருத்துவர் எழுதிக் கொடுத்தால் பேசலாம். ஹாங்காங்கில் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் 31 நச்சுமூலிகைகளின் பட்டியல் இருக்கிறது. பச்சை ஃபூசி, பச்சைச் சுவான்வூ, பச்சைச் ட்சாவ்வூ மூன்றும் அதில் உண்டு. பதிவுபெற்ற வைத்தியரின் சீட்டு இல்லாமல் விற்க முடியாது. நம் நாட்டிலும் 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் இ-1 அட்டவணையில் வத்சநாபி இருக்கிறது. அது சேர்ந்த மருந்தின் மேல் மருத்துவ மேற்பார்வையில் உண்ணவும் என்று எச்சரிக்கை போட வேண்டும்.

ஆனால் சீட்டும் முத்திரையும் எல்லாம் பொட்டலம் கடையை விட்டு வெளியே வரும்வரைதான். மல்லிகை அக்காவின் வீட்டுக்கு வந்த பொட்டலத்தின் மேல் என்ன எழுதியிருக்கிறது? அக்கா, அம்மாவின் மாத்திரை பற்றிக் கேட்டேனே?

மார்க்கம் மல்லிகை

மன்னிக்கவேணும், வேலையால் வந்து இப்போதுதான் முழுதும் வாசித்தேன். பொட்டலத்தில் தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. கையால் நாலு சீன எழுத்து, அவ்வளவுதான். அம்மாவுக்கு மூன்று வருடமாக இதயத் துடிப்பு ஒழுங்கில்லை என்று மெட்டோபுரோலோல் கொடுக்கிறார்கள். இரத்தம் உறையாமல் இருக்க வேறொரு மாத்திரையும் உண்டு. முழங்காலைப் பற்றிக் கேட்க வந்ததால் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

இரவுப்பணி

அக்கா, இதைத்தான் பயந்துகொண்டிருந்தேன். துடிப்புக் கோளாறு உள்ள இதயத்துக்கு, துடிப்பைக் குலைக்கும் கிழங்கு. பொட்டலத்தை இன்றே வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள்.

ஊர்வைத்தியன்

டாக்டர் சொன்னபடி செய்யுங்கள் தங்கச்சி. பொட்டலத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன் என்றேன், இப்போது சொல்கிறேன்.

என் தாத்தா நாவி சேர்த்த மாத்திரை கொடுப்பார். சுத்தி செய்த நாவிதான், ஆனாலும் கிழங்கைக் கிழங்காக யார் கையிலும் கொடுத்ததில்லை. சொந்தத் தம்பி கேட்டபோதும் கொடுக்கவில்லை. மாத்திரையாக உருட்டி, தன் கண் முன்னால் தேனில் குழைத்து விழுங்க வைத்து, நாடி பார்த்து அனுப்புவார். மறுநாளும் திண்ணைக்கு வரவேண்டும். ஒருவருக்குக் கொடுத்ததை வீட்டில் இன்னொருவருக்குக் கொடுத்தால் அதோடு அந்த வீட்டுக்கு மருந்து நின்றுவிடும். அந்தச் சீன அம்மாவின் வைத்தியரும் அவருடைய நாடியைப் பார்த்து, அவருக்கென்று எழுதியிருப்பார். மிஞ்சியதை அன்பாகப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தபோது அந்த நாடி பார்த்தலும் சரி, மூன்று தடவை சொன்ன எச்சரிக்கையும் சரி, கூட வரவில்லை. ஃபூசியை நான் தள்ளமாட்டேன். இந்தப் பொட்டலத்தைத் தொடவும் மாட்டேன்.

சிங்கை செல்வம்

நான் மேலே எழுதியதைப் படித்துவிட்டு யாரும் தானாகக் கொதிக்க வைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்: எங்கள் மாமனாரை அந்த வைத்தியர் மூன்று நாளைக்கு ஒருமுறை பார்த்தார். அதை எழுத மறந்துவிட்டேன்.

மார்க்கம் மல்லிகை

நேற்றுப் பின்னேரம் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவவுக்கு என்ன சொல்வது, மனம் நோகுமே என்று யோசித்துக்கொண்டுதான் போனேன். கைபேசியில் மொழிபெயர்ப்பை வைத்துக் கதைத்தோம். அம்மாவின் இதயத்தைப் பற்றிச் சொன்னதும் அவ வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டா. அவவின் வைத்தியர் மருந்து எழுதுவதற்கு முதல், இதயத்தில் ஏதும் உண்டா என்று கேட்டுத்தான் எழுதினாராம். எங்களிடம் அதைக் கேட்கவேண்டும் என்று அவவுக்குத் தோன்றவில்லையாம். பொட்டலத்தை வாங்கி, மருந்து எடுத்த கடைக்கே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னா. இன்று காலையில் வந்து, கொடுத்துவிட்டேன் என்று சொல்லி அம்மாவுக்கு ஒரு பை தோடம்பழமும் தந்துவிட்டுப் போனா.

அம்மாவின் முழங்காலுக்கு வரும் புதன்கிழமை உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு நாள் கிடைத்திருக்கிறது. அதுவரைக்கும் இரவில் நோ தாங்கவில்லை என்கிறா. வைத்தியர் ஐயா, வெளியே ஒத்தடம் கொடுக்கக்கூடியதாக ஏதும் உண்டா? டாக்டர் தம்பி, அதுக்கும் பயமா?

ஊர்வைத்தியன்

நொச்சி இலை கிடைத்தால் வதக்கித் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கலாம். அங்கே எங்கே கிடைக்கும். கல் உப்பை வெறும் சட்டியில் வறுத்து, தடித்த பருத்தித் துணியில் முடிந்து, முதலில் உங்கள் கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு முழங்காலைச் சுற்றி ஒற்றி ஒற்றி எடுங்கள். படுக்கப் போகும் முன் பத்து நிமிடம்.

இரவுப்பணி

தாராளமாகச் செய்யுங்கள் அக்கா. இரத்தம் உறையாத மாத்திரை எடுப்பதால் அழுத்தித் தேய்க்க மட்டும் வேண்டாம். ஐயா சொன்ன மாதிரி ஒற்றி எடுத்தால் போதும்.